மன்னிப்பு வேறு, விடுதலை வேறு: ஸ்டெயின்ஸ் வழக்கு எழுப்பும் கேள்வி

புது தில்லி: ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் ஒடிசாவில் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த மகேந்திர ஹேம்பிரம், 25 ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு 2025 ஏப்ரல் 16-ஆம் தேதி கியோஞ்சர் சிறையிலிருந்து விடுதலையானார். நன்னடத்தையைக் காரணம் காட்டி மாநில அரசு வழங்கிய தண்டனைக் குறைப்பு அது. விசுவ ஹிந்து பரிஷத் நிர்வாகிகள் அதை வரவேற்றனர். சிறைக்கு வெளியே செய்தியாளர்களிடம் பேசிய ஹேம்பிரம், தான் பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டதாகக் கூறினார்.

கொல்லப்பட்டவரின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக 1999-ஆம் ஆண்டிலேயே அறிவித்தவர். பாதிக்கப்பட்டவரே மன்னித்துவிட்ட பிறகு அரசு விடுவிப்பதில் என்ன தவறு என்பது ஒரு தரப்பின் கேள்வி. கொலையாளியை மன்னிப்பதாகச் சொல்வதே அடுத்த கொலைக்குத் துணிவு தராதா என்பது மறு தரப்பின் கேள்வி. எதிரெதிராக நின்றாலும் இரு தரப்பும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. மன்னிப்பு என்றால் தண்டனையைக் கைவிடுவது என்று இரண்டுமே எண்ணிக்கொள்கின்றன.

கிறிஸ்தவ சமயம் அவ்வாறு கருதுவதில்லை. இந்தியச் சட்டமும் அவ்வாறு கருதுவதில்லை. ஒடிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் கடந்த முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று கொடுமைகளும், அவற்றுக்குப் பின் பாதிக்கப்பட்டவர்கள் நடந்துகொண்ட விதமும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன.

மனோகர்பூரில் ஓர் இரவு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த கிரஹாம் ஸ்டெயின்ஸ் 1965-இல் இந்தியா வந்தார். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத் தலைநகரான பாரிபடாவில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட மிஷன் ஒன்றின் பொறுப்பில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றினார். ஒடியா, சந்தாலி, ஹோ மொழிகளை அறிந்திருந்தார். செவிலியரான கிளாடிஸை 1983-இல் மணந்தார். எஸ்தர் என்ற மகளும், பிலிப், திமோத்தி என்ற மகன்களும் பிறந்தனர்.

சுற்றுவட்டார கிறிஸ்தவர்களுக்காக ஆண்டுதோறும் நடைபெறும் முகாமில் பங்கேற்க, 1999 ஜனவரியில் ஸ்டெயின்ஸ் தமது மகன்களுடன் கியோஞ்சர் மாவட்டத்திலுள்ள மனோகர்பூர் கிராமத்துக்குச் சென்றார். 22-ஆம் தேதி இரவு மூவரும் தேவாலயத்தின் முன் நிறுத்தப்பட்டிருந்த வாகனத்துக்குள் உறங்கினர். நள்ளிரவைக் கடந்த நேரத்தில் கும்பல் ஒன்று வாகனத்தைச் சூழ்ந்து தாக்கியது. அடியில் வைக்கோலைப் போட்டுத் தீ வைத்தது. காப்பாற்ற முயன்றவர்கள் தடுக்கப்பட்டனர். தந்தையும், 10 வயது பிலிப்பும், 6 வயது திமோத்தியும் கருகி இறந்தனர்.

குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்தில் 1998 டிசம்பரில் தேவாலயங்கள் தாக்கப்பட்டு, அதைப் பார்வையிடச் சென்ற அன்றைய பிரதமர் வாஜ்பாய், மதமாற்றம் குறித்து தேசிய அளவில் விவாதம் தேவை என்று கூறிய சில நாள்களிலேயே இந்தப் படுகொலை நிகழ்ந்தது. உலகின் கொடுஞ்செயல்கள் வரிசையில் சேரத்தக்கது இது என்று அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கண்டித்தார். மத்திய அமைச்சர்கள் ஜார்ஜ் பெர்னாண்டஸ், முரளி மனோகர் ஜோஷி, நவீன் பட்நாயக் ஆகியோர் சம்பவ இடத்துக்கு அனுப்பப்பட்டனர். உச்ச நீதிமன்ற நீதிபதி டி.பி. வாத்வா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூனில் அறிக்கை அளித்த வாத்வா ஆணையம், தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் தாரா சிங் என்று கூறியது. எந்த அமைப்புக்கும் இதில் தொடர்பில்லை என்ற அதன் முடிவு எதிர்க்கட்சிகளின் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. முகாம்களில் சிலர் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், கட்டாய மதமாற்றம் நடந்ததற்கு ஆதாரமில்லை என்றும் ஆணையம் கண்டது.

ஏழு மாதங்களுக்குப் பிறகு அதே பகுதியில் மேலும் இரு கொலைகள் நடந்தன. 1999 ஆகஸ்டில் ஷேக் ரஹ்மான் என்ற வணிகரும், செப்டம்பரில் அருள்தாஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரும் கொல்லப்பட்டனர். தேடப்பட்டுவந்த தாரா சிங் 2000 ஜனவரி 31-ஆம் தேதிதான் பிடிபட்டார்.

கைதுக்கு முன்பே வந்த மன்னிப்பு

கிளாடிஸ் ஸ்டெயின்ஸின் சொல்லுக்கு அரசியல் முக்கியத்துவம் வந்தது அது வெளிப்பட்ட காலத்தினால்தான். கணவரையும் இரு மகன்களையும் ஒரே இரவில் இழந்த அவர், தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் பிடிபடுவதற்கு ஓராண்டு முன்பே, யார் மீதும் தமக்குக் கசப்பு இல்லை என்றும், கொன்றவர்களை மன்னிப்பதாகவும் கூறினார். எவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. எவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கவும் இல்லை.

வாத்வா ஆணையத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்திலும் அவர் இதையே வேறு சொற்களில் தெரிவித்தார். கணவர் ஏன் கொல்லப்பட்டார், கொன்றவர்களை அத்தகைய கொடுமைக்குத் தூண்டியது எது என்று தாம் சில வேளைகளில் எண்ணிப் பார்ப்பதாகவும், அவர்களைத் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணம் தமக்கு இல்லை என்றும், அவர்கள் மனம் வருந்தித் திருந்த வேண்டும் என்பதே தமது விருப்பமும் நம்பிக்கையும் என்றும் அதில் குறிப்பிட்டார்.

இந்த வாசகத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. தண்டிக்கும் விருப்பம் தமக்கு இல்லை என்பது ஒன்று. அவர்கள் திருந்த வேண்டும் என்பது மற்றொன்று. குற்றம் நடக்கவில்லை என்றோ, அது சிறியது என்றோ, மறந்துவிடலாம் என்றோ அவர் கூறவில்லை. திருந்த வேண்டும் என்று ஒருவரைப் பற்றிச் சொல்வதே அவர் செய்தது குற்றம் என்று சொல்வதாகும்.

2003-இல் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர் இதை இன்னும் வெளிப்படையாகக் கூறினார். தாம் மன்னித்துவிட்டதையும், குற்றத்துக்குச் சட்டப்படி ஏற்படும் விளைவையும் ஒன்றோடொன்று குழப்பக் கூடாது என்பது அவரது நிலை. மன்னிப்பு தம்முடைய காயத்தை ஆற்றுவதற்கு. நீதி வழங்குவது நாட்டின் சட்டத்தினுடைய வேலை என்ற பாகுபாடு அதில் இருந்தது.

அவர் உடனடியாக ஊர் திரும்பிவிடவும் இல்லை. மகளுடன் பாரிபடாவிலேயே தங்கி, தொழுநோயாளர் இல்லப் பணியைத் தொடர்ந்தார். கணவர் பெயரால் அங்கு 2004-இல் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் அவர் ஆஸ்திரேலியா திரும்பினார். 2005-இல் மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

வேதாகமம் விதிக்கும் கடமை

கிளாடிஸின் முடிவைத் தனிப்பட்ட பெருந்தன்மை என்று பலரும் பாராட்டினர். அது தமது சமய நம்பிக்கையிலிருந்து வந்தது என்று அவரே பலமுறை கூறியிருக்கிறார். கிறிஸ்தவ சமயத்தில் மன்னிப்பு என்பது விரும்பினால் செய்யக்கூடிய கூடுதல் புண்ணியம் அன்று, நம்பிக்கையின் நிபந்தனை.

இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபத்தை எல்லாத் திருச்சபைகளும் வழிபாட்டில் சொல்கின்றன. அதில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் வேண்டுதல் தனித்து வருவதில்லை. பிறரைத் தாம் மன்னிப்பதோடு சேர்த்தே வருகிறது. எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறை போதுமா என்று பேதுரு கேட்டபோது, கணக்குப் பார்க்க இயலாத ஓர் எண்ணையே இயேசு விடையாகத் தந்தார் என்று மத்தேயு நற்செய்தி கூறுகிறது. தொடர்ந்து வரும் உவமையில், பெரும் கடன் தள்ளுபடியான ஊழியன் ஒருவன், தனக்குச் சிறு தொகை தர வேண்டிய சக ஊழியனைச் சிறையில் தள்ளி, அதனால் தானே தண்டனைக்கு உள்ளாகிறான். சிலுவையில் தொங்கிய இயேசு தம்மை அறைந்தவர்களுக்காக மன்றாடியதை லூக்கா நற்செய்தியும், கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் அவ்வாறே மன்றாடியதை அப்போஸ்தலர் நடபடிகளும் பதிவு செய்துள்ளன.

ஆயினும் இந்தச் சமயத்துக்குள்ளேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மனந்திரும்புதல் இன்றி வழங்கப்படும் மன்னிப்பை மலிவான கிருபை என்று கண்டித்தவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோபர். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த அவர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். மன்னிப்பு நீதியின் தேவைகளை நீக்கிவிடாது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1980-இல் வெளியிட்ட சுற்றுமடலில் எழுதினார்.

அதை எழுதிய மறு ஆண்டே அவருக்கு அந்தச் சோதனை வந்தது. 1981 மே 13-ஆம் தேதி வாடிகன் சதுக்கத்தில் மெஹ்மத் அலி அக்கா அவரைச் சுட்டார். நான்கு நாள்களில் மருத்துவமனையிலிருந்தபடியே தம்மைச் சுட்டவரை மன்னிப்பதாக போப் அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று அவரைச் சந்தித்தார். ஆனால் இத்தாலியச் சிறையின் கதவு அதனால் திறந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டில் இத்தாலிய அதிபர் பொதுமன்னிப்பு வழங்கும் வரை, ஏறத்தாழ 19 ஆண்டுகள் அக்கா அந்நாட்டுச் சிறையில் இருந்தார். போப்பின் மன்னிப்பு நான்கு நாள்களில் வந்தது. அரசின் மன்னிப்பு 19 ஆண்டுகளில் வந்தது. இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை.

சிறைக்குள் சென்ற ராக்கி

இந்தியாவில் இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்த நிகழ்வு மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. கேரளத்தின் பெரும்பாவூர் அருகேயுள்ள புல்லுவழியைச் சேர்ந்தவர் அருட்சகோதரி ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்த அவர், தேவாஸ் மாவட்டத்தின் உதய்நகர் பகுதியில் நிலமற்ற பழங்குடியினரிடையே பணியாற்றினார். வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்களை மீட்க சேமிப்புக் குழுக்களை அமைத்ததும், அரசுத் திட்டங்களின் பயன் அவர்களை அடையச் செய்ததும் உள்ளூர்ச் செல்வந்தர்களின் பகையைத் தேடித் தந்தன.

1995 பிப்ரவரி 25-ஆம் தேதி இந்தூர் செல்லும் பேருந்தில், சக பயணிகளின் கண்முன்னே அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கூலிக்கு அமர்த்தப்பட்டிருந்த சமுந்தர் சிங் என்ற இளைஞருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவரைத் தூண்டிவிட்டவர்கள் அத்தகைய தண்டனையை அனுபவிக்கவில்லை.

சுவாமி சதானந்த் என்று அறியப்பட்ட கத்தோலிக்கத் துறவி ஒருவர் சிறையில் சமுந்தர் சிங்கைத் தொடர்ந்து சந்தித்துவந்தார். அவருடைய முயற்சியால், 2002-ஆம் ஆண்டு ரக்ஷா பந்தன் விழாவையொட்டி, ராணி மரியாவின் தங்கையும் அதே சபையின் துறவியுமான செல்மி பால் சிறைக்குச் சென்று, தமது அக்காவைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டினார். பின்னர் தாயார் எலீஸ்வாவும் அவரைச் சந்தித்து, மகளின் குருதி படிந்த அந்தக் கைகளை முத்தமிட்டார்.

சமுந்தர் சிங் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்தினார். அவரை விடுவிக்குமாறு குடும்பத்தினரே அரசிடம் வேண்டினர். 2006-இல் அவர் விடுதலையானார். மறு ஆண்டு புல்லுவழிக்கே சென்று, பெற்றோரின் முன் மன்னிப்புக் கேட்டார். ராணி மரியாவுக்கு முக்திப்பேறு பெற்றவர் என்ற நிலையை வாடிகன் வழங்கிய விழா 2017 நவம்பர் 4-ஆம் தேதி இந்தூரில் நடைபெற்றபோது, கூட்டத்தில் அவரும் இருந்தார்.

இந்த நிகழ்வில் வரிசை முக்கியமானது. முதலில் குற்றம் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டது. அடுத்துக் குடும்பம் மன்னித்தது. குற்றவாளி தன் செயலைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டார். அதன்பின் குடும்பத்தினரின் வேண்டுகோளுடன் அரசு விடுவித்தது. மனோகர்பூர் வழக்கில் முதல் இரண்டு மட்டுமே நடந்தன. பொய் வழக்கு என்று கூறிக்கொண்டே ஒருவர் வெளியே வந்ததால் மூன்றாவது நிகழவில்லை. ஆனாலும் கிளாடிஸின் மன்னிப்பு செல்லாததாகிவிடவில்லை; அது எதிர்த்தரப்பின் பதிலை எதிர்பார்த்து வழங்கப்பட்டது அன்று.

நீதிமன்றம் நடந்த பாதை

ஸ்டெயின்ஸ் கொலை வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறை நடத்தியது. 2003 செப்டம்பரில் புவனேசுவரத்திலுள்ள விசாரணை நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து, தாரா சிங்குக்கு மரண தண்டனையும், மற்ற 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2005 மே 19-ஆம் தேதி ஒரிசா உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஹேம்பிரமின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. எஞ்சிய 11 பேரை விடுதலை செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌகான் ஆகியோர் அடங்கிய அமர்வு 2011 ஜனவரி 21-ஆம் தேதி, மரண தண்டனை கோரிய சிபிஐ மனுவை ஏற்க மறுத்து ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. தமிழகத்தின் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த சதாசிவம் பின்னர் நாட்டின் தலைமை நீதிபதியானவர்.

அந்தத் தீர்ப்பின் இரு வாசகங்கள் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. ஏழைப் பழங்குடியினரை மதம் மாற்றிய ஸ்டெயின்ஸுக்குப் பாடம் கற்பிப்பதே குற்றவாளிகளின் நோக்கம் என்பதைத் தண்டனைக் குறைப்புக்கான காரணங்களோடு சேர்த்துக் குறிப்பிட்டது ஒன்று. பிறருடைய மத நம்பிக்கையில் தலையிடுவதற்கு நியாயம் இல்லை என்பது போன்ற கருத்து மற்றொன்று. கொல்லப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக இது அமைகிறது என்று பத்திரிகை ஆசிரியர்களும் சமூக அமைப்புகளும் கண்டனம் தெரிவித்தனர். நான்கு நாள்களில், ஜனவரி 25-ஆம் தேதி, அந்த அமர்வே தானாக முன்வந்து அவ்வாசகங்களை நீக்கியது.

மரண தண்டனை வேண்டாம் என்பதற்குப் பல நியாயங்கள் கூறலாம். ஆனால் கொலைக்கு ஒரு நோக்கம் இருந்தது என்பதை அதன் கடுமையைக் குறைக்கும் காரணமாகக் காட்டும்போது, அது கருணையாகாது. பழியைப் பாதிக்கப்பட்டவர் மீது நகர்த்துவதாகும். மன்னிப்புக்கும் சாக்குப்போக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே. குற்றத்தைக் குற்றம் என்று ஏற்றுக்கொண்ட பிறகே மன்னிப்பு தொடங்குகிறது. குற்றமே இல்லை என்றால் மன்னிப்பதற்கும் ஒன்றும் இல்லை.

கந்தமாலில் யாரை மன்னிப்பது?

மன்னிப்பு மிகக் கடினமான சோதனைக்கு உள்ளான இடம் ஒடிசாவின் கந்தமால் மாவட்டம். 2008 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஜலேஸ்பட்டா ஆசிரமத்தில் விசுவ ஹிந்து பரிஷத் தலைவர் சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதியும் மேலும் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்றனர். ஆனால் பழி கிறிஸ்தவர்கள் மீது விழுந்தது. வாரக்கணக்கில் நீடித்த வன்முறையில் வீடுகளும் தேவாலயங்களும் எரிக்கப்பட்டன; பல்லாயிரக்கணக்கானோர் காடுகளிலும் முகாம்களிலும் தஞ்சமடைந்தனர். மதம் மாறினால்தான் ஊர் திரும்பலாம் என்று மிரட்டப்பட்டதாகப் பலர் புகார் கூறினர்.

கட்டக்-புவனேசுவரம் பேராயர் ரஃபேல் சீனத் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவரது மனுவின் மீது தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் தலைமையிலான அமர்வு 2016 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தீர்ப்பளித்தது. இறந்த 39 பேரின் குடும்பங்களுக்குக் கூடுதலாகத் தலா ரூ.3 லட்சம் வழங்க உத்தரவிட்டது. பதிவான 827 வழக்குகளில் 315 வழக்குகள் குற்றப்பத்திரிகையின்றி முடிக்கப்பட்டதையும், விசாரணை முடிந்த 362 வழக்குகளில் 78-இல் மட்டுமே தண்டனை கிடைத்ததையும் சுட்டிக்காட்டி, கைவிடப்பட்ட வழக்குகளை மறு ஆய்வு செய்யுமாறு மாநில அரசுக்குக் கூறியது. தீர்ப்பு வந்த 12 நாள்களில் பேராயர் சீனத் காலமானார்.

மன்னிப்பைப் போதிக்கும் திருச்சபையின் தலைவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தியது முரண்பாடு போலத் தோன்றலாம். உண்மையில் அது இந்தச் சமயக் கடமையின் மறுபாதி. ஒருவர் தமக்கு இழைக்கப்பட்ட தீமையை மன்னிக்கலாம். அண்டை வீட்டாருக்கு இழைக்கப்பட்டதை அவருக்காக மன்னிக்க எவருக்கும் உரிமை இல்லை. எரிக்கப்பட்ட வீட்டுக்குரிய இழப்பீட்டையும், கொல்லப்பட்டவருக்கான விசாரணையையும் கேட்பது பழிவாங்கல் ஆகாது.

மேலும், கந்தமாலில் பலருக்கு யாரை மன்னிப்பது என்பதே தெரியவில்லை. முகம் தெரியாதவர்கள், சாட்சிகள் பின்வாங்கியதால் விடுவிக்கப்பட்டவர்கள், வழக்கே பதிவாகாதவர்கள் என்று தாக்கியவர்கள் கலைந்துவிட்டனர். நீதிமன்றம் உண்மையை நிலைநாட்டும்போதுதான் பாதிக்கப்பட்டவருக்கு மன்னிக்கவோ மறுக்கவோ வாய்ப்பு கிடைக்கிறது. சட்டம் செயல்படாத இடத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசுவது, இழந்தவரை வாய்மூடி இருக்கச் சொல்வதாகவே முடியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சுவாமி லட்சுமணானந்தா கொலை வழக்கில் கிறிஸ்தவர்களான ஏழு பேருக்கு 2013-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் நிரபராதிகள் என்று மனித உரிமை ஆர்வலர்கள் வாதிட்டுவந்தனர். 2019-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஜாமீன் வழங்கியது. முழு உண்மை வெளிவர வேண்டும் என்ற தேவை சுவாமியின் சீடர்களுக்கும் உண்டு.

யாருடைய கையில் அதிகாரம்?

இந்தியச் சட்டத்தில் கொலை, தரப்பினர் தமக்குள் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அன்று. குடும்பம் மன்னித்தாலும் வழக்கு நிற்காது. குடும்பம் எதிர்த்தாலும் அரசு விடுவிக்கலாம். குடியரசுத் தலைவருக்கு அரசியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவும், ஆளுநருக்கு 161-ஆவது பிரிவும் கருணை அதிகாரம் வழங்குகின்றன. 14 ஆண்டு சிறைவாசத்தை முடித்த ஆயுள் கைதிகளின் தண்டனையைக் குறைக்க மாநில அரசுகளுக்குச் சட்டம் இடமளிக்கிறது. இது அரசின் முடிவு, அரசின் பொறுப்பு. அதற்குக் கைதியின் நன்னடத்தை, திருந்தும் வாய்ப்பு, சமூகத்தின் பாதுகாப்பு ஆகியவையே அளவுகோல்கள்.

தமிழக வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினியின் மரண தண்டனை 2000-ஆம் ஆண்டில் குறைக்கப்பட்டதற்கு சோனியா காந்தியின் வேண்டுகோள் முக்கியக் காரணம். 2008-இல் பிரியங்கா வேலூர் சிறைக்கே சென்று நளினியைச் சந்தித்தார். ஆயினும் 2022-இல் உச்ச நீதிமன்றம் நளினி உள்ளிட்டோரை விடுவித்தபோது, சோனியாவின் தனிப்பட்ட கருத்து வேறு, கட்சியின் நிலை வேறு என்று காங்கிரஸ் அறிவித்தது. அந்தக் குண்டுவெடிப்பில் உயிரிழந்த மற்றவர்களின் குடும்பங்களும் தனிக் குரலில் பேசின. ஒரு குடும்பத்தின் மன்னிப்பு மற்றொரு குடும்பத்தைக் கட்டுப்படுத்தவில்லை.

தாரா சிங்கும் முன்கூட்டியே விடுதலை கோரி 2024-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த குற்றங்களை ஒப்புக்கொண்டு ஆழ்ந்து வருந்துவதாக அவரது மனு கூறியது. அதன் மீது முடிவெடுக்குமாறு 2025 மார்ச்சில் ஒடிசா அரசுக்கு உச்ச நீதிமன்றம் அவகாசம் அளித்தது. தாரா சிங்கை விடுவிக்கக் கோரி 2022-இல் கியோஞ்சர் சிறை முன்பு நடந்த தர்ணாவில், அப்போது எம்.எல்.ஏ.வாக இருந்த மோகன் சரண் மாஜி கலந்துகொண்டதாகச் செய்திகள் வெளியாகியிருந்தன. 2024 ஜூனில் அவர் ஒடிசாவின் முதல்வரானார்.

மனுவில் எழுதப்பட்ட வருத்தம் உள்ளத்திலிருந்து வந்ததா, வழக்கறிஞரின் மேசையிலிருந்து வந்ததா என்று வெளியிலிருந்து கூற இயலாது. அது உண்மையானால், பாரிபடாவில் ஒரு விதவை 1999-இல் எழுதி வைத்த விருப்பம் நிறைவேறியதாகக் கொள்ளலாம். அரசு அதைச் சட்டத்தின் அளவுகோல்களால் எடைபோட வேண்டும். அரசியல் தேவைகளுக்கும் அதில் இடமில்லை. கிளாடிஸின் மன்னிப்பைத் தனக்குச் சாதகமான சான்றாகக் காட்டவும் இடமில்லை. விடுதலை பெறுபவரை மாலையிட்டு வீரராகக் கொண்டாடும் கூட்டத்துக்கோ இந்தக் கணக்கில் எந்தப் பங்கும் இல்லை. கொண்டாடுகிறவர்கள் எதையும் மன்னிக்கவில்லை. அவர்களுக்கு எந்த இழப்பும் நேரவில்லை.

மன்னிப்பு கோழைத்தனம் என்று கருதுவோருக்கு கிளாடிஸின் ஐந்தாண்டுகள் விடை கூறும். கணவரையும் மகன்களையும் பறித்த மாநிலத்தில், அவரைக் கொன்றவர்களின் வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும், அவர் தொழுநோயாளர்களின் புண்களுக்கு மருந்திட்டுக் கொண்டிருந்தார். நீதிமன்றத்தின் வேலையில் அவர் குறுக்கிடவில்லை. தம்முடைய வேலையை அவர் நீதிமன்றத்தின் முடிவுக்காக நிறுத்தி வைக்கவும் இல்லை.